நாய்ப் பிஸ்கோத்து மாவில் முதல் பிடி

தாணுலிங்கம் பிள்ளை வீட்டு நாய்க்குத் தனியாக ஒரு சமையல்காரி இருந்தாள் என்று சொன்னால் பூதப்பாண்டி பக்கம் இன்றைக்கும் சிரிப்பார்கள். மனுஷனுக்கே ரேஷன் கடையில் அரைவயிற்றுக்கு அளந்து போட்ட காலம் அது. பிள்ளை தனிக்கட்டை. ஒரு துவையல், கொஞ்சம் மோர் என்று தனக்குத் தானே பொங்கித் தின்றுவிடுவார். அவருடைய ரோவருக்குப் பொங்கிப்போட மட்டும் தினமும் காலையில் சத்தியபாய் வரவேண்டும். காரணம் ரொம்பச் சின்னது. பிள்ளை சுத்த சைவம், அடுக்களையில் மீன் வாசம் வரக்கூடாது. நாயோ மீனில்லாமல் வாயைத் திறக்காது. ஆகவே மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் ஒரு ஓலைச்சாய்ப்பு, அதில் ஒரு மூணுகல் அடுப்பு, அந்த அடுப்புக்கு ஒரு சத்தியபாய். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். பனையிலிருந்து விழுந்து புருஷன் போய்ச் சேர்ந்தபின் எலிசா என்ற ஒரே மகளோடு பிள்ளையின் விளையில், தோட்டத்து ஓரமாக, குடில் கட்டி இருந்தாள். பிள்ளை அவள் கைத்தண்ணீர் குடிக்க மாட்டார். அவருடைய நாய் அவள் கையில் தவிர வேறு யார் கையிலும் தின்னாது. உலகம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

ரோவர் உண்மையில் துரை வீட்டு நாய். கீரிப்பாறை மலையில் ஒரு எஸ்டேட்டில் பிள்ளை கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்ததும் துரை கப்பலேறினான். போகும்போது நாயைக் கணக்கப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்தான். நாயைக் கொடுத்தவன் அதன் நாக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான், அதுதான் வம்பு. துரை பங்களாவில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அடுப்பு உண்டாம், அதில் வேகவைத்த பிஸ்கோத்துதான் நாய்க்குப் பழக்கம். இங்கே வந்து, சவம், சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடந்தது. பிள்ளை அழாத குறை.

சத்தியபாய்தான் வழி கண்டுபிடித்தாள். கேப்பை மாவு. வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து, மசித்த மரச்சீனிக்கிழங்கு. முட்டத்து மீன்காரி கொண்டுவரும் நெத்தோலி, அதுவும் உப்பிடாமல் வெறும் மணலில் காய்ந்தது, இடித்துப் பொடியாக்கி. மேலுக்கு ஒரு முட்டை. உப்பு போட்டால் நாய்க்கு ரோமம் உதிரும், கருப்பட்டி போட்டால் வயிற்றில் பூச்சி வைக்கும், வெங்காயம் அந்தப் பக்கமே வரக்கூடாது. பிசைந்ததைப் பலகையில் தட்டி, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி ஆவியில் வைப்பாள். பிறகு வெயிலேறிய பாறையில் ஓலைப்பாயை விரித்து ஒரு பகல் காயப்போடுவாள். கடைசியில் பழைய பானையில் ஆற்றுமணலைச் சுட வைத்து, மணல்மேல் ஒரு ஓட்டுத்துண்டு, ஓட்டின்மேல் பிஸ்கோத்து, பானை வாய்க்கு மூடி, மூடியின்மேல் கங்கு. கடித்தால் மடக்கென்று ஒடியவேண்டும். ரோவர் ஒடிக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்குத் தன் பிள்ளை பசியாறினது போல இருக்கும்.

இதில் இன்னொரு காரியமும் உண்டு. மாவில் தண்ணீர் படுமுன்னே முதல் பிடியை எடுத்து, சாய்ப்பின் ஆணியில் தொங்குகிற தகர டப்பாவில் போடுவாள். வேதக்காரப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கோயிலுக்கு ஒதுக்குவார்கள். பிடியரிசி என்று பெயர். அரிசியே கண்ணில் படாத அந்தக் காலத்தில் மாவோ கிழங்குப்பொடியோ எதுவானாலும் கோயில் வாங்கிக்கொண்டது. எல்லார் வீட்டுப் பிடியையும் ஒன்றாகக் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை வேதபாடப் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எலிசா கோயிலுக்குப் போகிற வழியில் சாய்ப்புக்கு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். நாயின் பங்கிலா தெய்வத்துக்குப் பங்கு என்று யாரும் கேட்டதில்லை. சத்தியபாய்க்கே அது கணக்கில் இல்லை. கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போகிறதே, அதுபோல மாவைக் கண்டால் அவள் கை டப்பாவுக்குப் போகும்.

பிள்ளைக்கு ஒரு மருமகன், அக்காள் மகன், பொன்னுலிங்கம். மாமன் சொத்து மருமகனுக்கு என்ற பழைய வழக்கம் சட்டத்தில் அற்றுப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பொன்னுலிங்கத்தின் மனதில் மட்டும் அற்றுப்போகவில்லை. பிள்ளை தை பிறந்ததும் விளையையும் வீட்டையும் சுசீந்திரம் கோயிலுக்கு எழுதி வைக்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு அடிபட்டபோது எல்லாரும் பொன்னுலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தேனொழுகப் பேசுகிறவன், கோபம் வந்து யாரும் கண்டதில்லை. ஊரில் ஒரு கோழியைக்கூடத் துரத்தாத ரோவர் அவன் நிழல் விழுந்தால் மட்டும் உறுமியது. அந்தி மயங்கி, பிள்ளை வாசல் கதவின் பெரிய தாழ்ப்பாளைப் போடும்போது ஒரு முறை குரைக்கும், நான் இருக்கிறேன் என்பது போல. அதன் பிறகு ஒரு காற்று மதில் ஏறி வந்தாலும் அதற்குத் தெரியும்.

கார்த்திகை மாதம் ஒருநாள் சாய்ப்புக்குப் பின்னால் காக்கைகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் கொத்தித் தின்ற இறைச்சித்துண்டு. யாரோ மதிலுக்கு மேலால் எறிந்திருக்கிறார்கள். ரோவர் அதைத் தொடவில்லை. சத்தியபாய் காக்கைகளை மண்வெட்டியால் வாரிப் புதைத்தாள். 

அதற்குப் பிறகுதான் பொன்னுலிங்கம் சாய்ப்புக்கு வர ஆரம்பித்தான். கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் உட்கார்ந்து அவள் வேலையைப் பார்ப்பான்.

"உப்பு போட மாட்டியோ?"

"போடப்பிடாது ஏமானே. ரோமம் போயிரும்."

"கொள்ளாம். மனுஷனுக்குக்கூட இப்பிடிப் பாத்துப் பாத்துச் செய்ய ஆளில்லியே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சத்தியபாய் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தாள். அவன் அடுத்த முறை வந்தபோது உப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒனக்க குடிலு காஞ்ச ஓலைதானே, சத்தியபாய்?"

"ஆமா ஏமானே."

"காத்துக்காலமாக்கும். ஒரு பொறி போதும். எலிசா உள்ளதானே ஒறங்குவா?"

அவள் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மழை வருமா என்று கேட்கிறவன் மாதிரி இருந்தான். ரோவர் அவள் கையில்தான் தின்னும், வேறு யார் போட்டாலும் தின்னாது, அதைத் தானே சோதித்துப் பார்த்தாயிற்று என்றான். மாவு அவன் கொண்டுவருவான். அவள் பிஸ்கோத்து தட்டிக் கொடுத்தால் போதும். குடிலும் இருக்கும், குடிலுக்குள் எலிசாவும் இருப்பாள்.

"அந்த வாயில்லா ஜீவன் ஒங்களுக்கு என்ன செய்திச்சு ஏமானே?"

"ஒண்ணும் செய்யல்ல. அதுக்கு ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்கு. அதாக்கும் கேடு."

நாய் உறங்கவேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அவன் யாருடைய உறக்கத்துக்குள் வரப்போகிறான் என்று யோசிக்க சத்தியபாய்க்குப் படிப்பு தேவையில்லை. யோசிக்கத்தான் பயமாக இருந்தது. வெறும் நாய்தானே, வெறும் நாய்தானே என்று வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராத்திரி எலிசாவைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓலையில் காற்று சரசரக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

சனிக்கிழமை காலையில் பொன்னுலிங்கம் ஒரு துணிப்பொதியோடு வந்தான். கேப்பை மாவு. பார்க்க நல்ல மாவுதான்.

"போட வேண்டியதை நானே கலந்தாச்சு. எலிக்கு வைக்கியதுதான். நீ எப்பவும் செய்யியது போலச் செய்தாப் போதும். வழக்கத்துல ஒரு இம்மி மாறப்பிடாது, கேட்டியா? நாய்க்குத் தெரிஞ்சு போவும்."

அவன் உரலில் உட்கார்ந்துகொண்டான். பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிடுவாரோ என்று சத்தியபாயின் கண் முழுக்க வாசலில் இருந்தது. கண் வாசலில் இருக்க, கை வழக்கம்போல வேலையைத் தொடங்கிற்று. தண்ணீர் விட்டபிறகு அகப்பையைப் போட்டுத்தான் பிசைந்தாள், விரல் படவில்லை. வட்டம் வெட்டினாள், ஆவியில் வைத்தாள், பாறையில் காயப்போட்டாள். ஒரு கோழி அருகே வராதபடி பகல் முழுக்கக் கம்போடு காவல் இருந்தாள். நல்ல வேடிக்கைதான், விஷத்துக்குக் காவல். சாயங்காலம் மணல்பானையில் வாட்டி எடுத்து, ஓலைப்பெட்டியில் மூடி வைத்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், தோல் எரியும்வரை தேய்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையிலேயே பிள்ளை சுசீந்திரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். சத்தியபாய் சாய்ப்பில் ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எலிசா தலைசீவி, தோய்த்த பாவாடை உடுத்து வந்தாள்.

"அம்மா, டப்பாவ எடுக்கேன்."

"எடுத்துட்டுப் போ மக்கா," என்றாள் சத்தியபாய். மகளின் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பெட்டி அவ்வளவு கனத்தது.

ரோவர் முற்றத்தில் காத்திருந்தது. அவளைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, பெட்டியை முகர்ந்து, எப்போதும்போல எதிரே உட்கார்ந்தது. அவள் ஒரு பிஸ்கோத்தை எடுத்தாள். அது வாயைத் திறக்கவில்லை, அவள் நீட்டவேண்டுமே, அதற்காகக் காத்திருந்தது. துரையின் கையையும் பிள்ளையின் கையையும் விட்டுவிட்டு இந்தக் கையை நம்பிய நாய்.  இந்தக் கையால் இதைச் செய்துவிட்டு எலிசாவுக்கு எப்படிச் சோறு பிசைந்து ஊட்டுவேன் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் எழுந்துவிட்டாள். தொழுவத்துக்குப் பின்னால் வெயில் ஏறும்வரை ஆழமாகக் குழி தோண்டி, பெட்டியோடு பிஸ்கோத்தைப் போட்டு மூடி, மேலே ஒரு பாறாங்கல்லைப் புரட்டி வைத்தாள். பிள்ளை திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும். இன்றைக்கே எலிசாவைக் கூட்டிக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்திலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடவேண்டும். குடில் போனால் போகட்டும். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

நாய்க்குப் பசிக்குமே, புதுசாகத் தட்டி, இன்றைக்கு ஆவியில் வெந்ததையே கொடுப்போம் என்று சாய்ப்புக்குள் வந்தாள். பிள்ளையின் மாவுப்பானையைத் திறந்து கையை விட்டாள். கை ஒரு பிடி அள்ளியது, தானாக ஆணியின் பக்கம் போனது. ஆணியில் டப்பா இல்லை.

அவள் பிடியைத் திறக்காமல் அப்படியே நின்றாள். நேற்று இதே இடத்தில் நின்றாள். நேற்று இதே போல மாவில் கை விட்டாள். வழக்கத்தில் ஒரு இம்மி மாறக்கூடாது என்று அவன் சொன்னான், மாறவில்லை. முதல் பிடி டப்பாவுக்குத்தான் போயிருந்தது. டப்பாவை எடுத்துட்டுப் போ மக்கா என்று அவள்தான் சொன்னாள்.

"எனக்க கர்த்தாவே," என்று அவள் ஓடினாள்.

வாசல் கதவைச் சாத்தத் தோன்றவில்லை. சீலை அவிழ்ந்து வரப்பில் இழுபட்டது. நடவு வயலில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள், அவள் நிற்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தாயிற்று. ஆராதனை முடிந்திருக்கும், அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கியிருப்பார்கள், தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றியிருப்பார்கள். எலிசா எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவள்.

ஞானதாசன் உபதேசியார் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் கூழ் ஆறி ஆடை படியும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அன்றைக்கு அந்த நீளமான ஜெபம்தான் அவர்களைக் காத்தது. சத்தியபாய் கோயில் முற்றத்துக்குள் விழுந்தடித்துக்கொண்டு நுழைந்தபோது அவர் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். எலிசா சிரட்டையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். தாய் அதைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதிங்க. யாரும் குடிக்காதிங்க. மாவுல எலிமருந்து கெடக்கு. நான் குடுத்துவிட்ட மாவாக்கும்."

சொல்லிக்கொண்டே, மீதிக் கூழோடு இன்னும் அடுப்பிலேயே இருந்த அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தாள். கூழ் மண்ணில் ஓடிற்று. உள்ளங்கை வெந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. எலிசாவைக் கட்டிப்பிடித்து அவள் வாயைத் திறந்து பார்த்தாள், உதட்டைத் துடைத்தாள், முகர்ந்தாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. மற்றப் பிள்ளைகளின் சிரட்டையும் நிறைந்தபடியே இருந்தது. பெண்கள் ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

"நாய்க்கு வச்ச மாவையா ஏட்டி கர்த்தருக்குக் கொண்டாந்த?"

சத்தியபாய் மகளுடைய தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். மகள் சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு, கைக்குள் இருக்கிறாள்.

"அம்மா, ரோவரு," என்றாள் எலிசா.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திறந்துகிடந்த வாசல் வழியாக ரோவர் அவள் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. காலையிலிருந்து பட்டினி. வேறு யார் போட்டிருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். ஆனால் அவள் கையால் கவிழ்த்ததை அது கண்ணால் பார்த்ததே. மண்ணில் ஓடிய கூழை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். வாய்க்குள் விரலை விட்டாள், சோப்புத் தண்ணீர் ஊற்றினாள், உபதேசியார் சொன்னதையெல்லாம் செய்தாள். ரோவர் அவள் வெந்த கையை நக்கிற்று. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓலைத்தட்டியில் நாயைக் கிடத்தி, அவளும் எலிசாவும் இழுத்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோயிலில் நடந்தது அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளை வாசற்படியில் நின்றார், நெற்றியில் சுசீந்திரத்துத் திருநீறு. பக்கத்தில் பொன்னுலிங்கம், மாமாவின் தோளைத் தாங்கிப் பிடித்தபடி.

பிள்ளை மண்ணில் உட்கார்ந்து நாயின் காதைத் தடவினார். வயசான மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"யாரு கையில தின்னிச்சு?"

"எனக்க கையிலதான் ஏமானே. ஆனா விஷம் வச்சது நானில்ல." சத்தியபாய் பொன்னுலிங்கத்தின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். காக்கை, துணிப்பொதி, ஓலைக்குடில், உறக்கம் வராத நாய். கோயில் முற்றத்தில் ஒருமுறை திறந்த வாய், அதற்கு இனி பயமில்லை. "நாய் இருந்தா உள்ள வர முடியாதுன்னாக்கும் ஏமானே. அடுத்தாப்புல ஒங்களுக்காக்கும்."

பொன்னுலிங்கம் கோபப்படவில்லை. "மாமா, ஒண்ணு மட்டும் கேளுங்க. நம்ம வீட்டு மாவு இவளுக்க கோயிலுக்கு எப்பிடிப் போச்சாம்?"

பிள்ளை நிமிர்ந்தார். "ஏட்டி, எனக்க மாவுல நீ பிடி எடுப்பியா?"

"அது கோயிலுக்கு, ஏமானே."

"எத்தன நாளா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வந்த நாள்லேர்ந்து."

அதோடு முடிந்தது. பிள்ளையின் கண்ணில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனதை அவள் பார்த்தாள். "எனக்க நாய்க்க வயித்துல அடிச்சுக் களவாண்டவ, எனக்க அக்கா மவனையா சொல்லுத? போ. இந்த வெளையிலயே நிக்கப்பிடாது."

"நீங்க வருத்தப்படாதிங்க மாமா," என்றான் பொன்னுலிங்கம். "நாயில்லாத வீடு. இனி ராத்திரி நான் இங்கனயே படுத்துக்கிடுதேன்."

"நீயாவது இருக்கியே மக்கா," என்று பிள்ளை அவன் கையைப் பிடித்து எழுந்தார்.

இருவரும் உள்ளே போனார்கள். நாயைக் காலையில் புதைக்கலாம், வெளியே கிடக்கட்டும் என்று பிள்ளை சொல்வது கேட்டது. சத்தியபாய் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "ஏமானே, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வேற எங்கயாவது போயிப் படுங்க. எனக்க பேச்சைக் கேளுங்க ஏமானே." வெந்த கை கதவில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. எலிசா அவள் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளிருந்து பொன்னுலிங்கம் பெரிய தாழ்ப்பாளைப் போட்டான். சத்தியபாய் தன்னை அறியாமல், ஒரு குரைப்புக்குக் காதைக் கொடுத்துத் திரும்பி, ஓலைத்தட்டியில் கிடந்த ரோவரைப் பார்த்தாள்.